நீரோவின் பிடிலும் தாத்தாவின் மூணு கேள்வியும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை. ஆணி அதிகம். மத்தவங்களுக்கு ஆணி பிடுங்குற வேலைன்னா எனக்கு இரும்பு தேய்க்கிற வேலை :-) உலோகவியல் படிச்சவங்களுக்குத் தெரியும். நுண்ணோக்கிக்குக் கீழே வைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சாம்பிளையும் எமரித் தாளில் 320, 600, 1200 என்று வரிசையாகத் தேய்த்து, முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி ஆக்கணும். ஒரு கீறல் மிச்சம் இருந்தாலும் மறுபடி முதல்லேருந்து. கைக்கு முழு வேலை, கண்ணுக்குப் பாதி வேலை, காதுக்குச் சுத்தமா வேலை கிடையாது. இது போக பெர்லினில் என் அறையிலேருந்து ஆய்வகத்துக்கு ரயிலில் போய்வர தினம் ஒண்ணரை மணி நேரம்.

முதல் ஆறு மாசம் அந்த நேரமெல்லாம் ராஜா சார் பாட்டு. அதுக்கப்புறம் பாட்டு கேட்டாலே ஊர் ஞாபகம் வந்து மூக்கு உறிஞ்ச ஆரம்பிச்சேன். ரயிலில் எதிர் சீட்டுப் பாட்டி காகிதக் கைக்குட்டை எடுத்து நீட்டின அன்னிக்கு, இது சரிப்படாது, வேற ஏதாவது கேட்கணும்னு முடிவு பண்ணினேன். அப்படித்தான் வரலாறு காதுக்குள்ள வந்தது.

இதில் தாத்தாவைப் பத்திச் சொல்லாமல் முடியாது. கும்பகோணம் பக்கத்தில் அரசுப் பள்ளியில் வரலாறு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பொறியியல் சேர்ந்தப்போ எல்லாரும் அவர் வருத்தப்படுவார்னு நினைச்சாங்க. அவர் சொன்னது ஒண்ணுதான். "படிச்சுட்டு வா, வரலாறு எங்கயும் ஓடிடாது." இப்போ எண்பதைத் தாண்டிட்டார். சர்க்கரை அவர் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கிச்சு. பேப்பரில் தலைப்பு எழுத்துகூடத் தெரியாது. புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். அதனால் ஞாயித்துக்கிழமை போனில் நான் வாரம் பூரா கேட்டதை அவருக்குச் சொல்வது வழக்கமாச்சு.

மாட்டிக்கிட்ட கதை

ஆரம்பத்தில் கையில் கிடைச்சதையெல்லாம் கேட்டேன். பேர் வேண்டாம், ஒரு பாட்காஸ்ட். பின்னணி இசை, வாள் சத்தம், குதிரைச் சத்தம்னு அமர்க்களமா இருக்கும். அதில் ரோம் எரிஞ்ச கதை வந்தது. நீரோ தன் புது அரண்மனைக்கு இடம் வேணும்னு ஊரைக் கொளுத்திட்டு, கோபுரத்து மேல நின்னு வேடிக்கை பார்த்துப் பாடினான்னு ஒரே மூச்சில் சொன்னாங்க. நமக்கு இது சின்ன வயசிலேருந்து தெரிஞ்ச கதைதானே? ஊரில் எந்த முதலமைச்சரைத் திட்டினாலும் ரோம் எரியும்போது பிடில் வாசித்த நீரோதான் வருவார். எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ஞாயித்துக்கிழமை அதே ஏற்ற இறக்கத்தோட தாத்தாகிட்ட ஒப்பிச்சேன்.

முழுசாக் கேட்டுட்டு நிதானமா மூணு கேள்வி கேட்டார்.

"யாரும்மா சொன்னா இதை? அவன் அப்ப எங்க இருந்தான்? இப்படிச் சொன்னதுல அவனுக்கு என்ன லாபம்?"

எனக்குத் தெரிஞ்சது பாட்காஸ்ட் பேரு மட்டும்தான். "இன்டர்நெட்ல சொன்னாங்க தாத்தா" என்றேன். போனில் அந்தப் பக்கம் சிரிப்பு. அசிங்கமாப் போச்சு.

அந்த வாரம் பூரா நீரோவைத் தேடினேன். லிப்ரிவாக்ஸ் என்று ஒரு இடம் இருக்கு. 2005இல் ஆரம்பிச்சது. காப்புரிமை முடிந்த புத்தகங்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவு செய்து இலவசமாகத் தருகிறார்கள். டாசிட்டஸ் எழுதின ரோமானிய ஆண்டுக் குறிப்புகளின் பழைய மொழிபெயர்ப்பு அங்கே கிடைத்தது. தீ விபத்து 15ஆம் புத்தகத்தில் வருகிறது. வாசிப்பவர் நடிக்கவில்லை, இசை இல்லை, நடுவில் ஒரு இடத்தில் தொண்டையைக்கூடக் கனைத்துக்கொண்டார். ஆனா எனக்கு அன்னிக்குத்தான் நிஜமாப் புல்லரிச்சது.

கதை இதுதான். கி.பி. 64 ஜூலை மாதம். தீ ஆறு நாள் எரிகிறது, அடங்கினது மறுபடி பிடிக்கிறது. நகரின் 14 வட்டாரங்களில் மூணு தரைமட்டம், ஏழில் பெரும் சேதம், நாலுதான் தப்பியது. தீ பிடிச்சப்போ நீரோ ரோமிலேயே இல்லை. சுமார் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஆன்டியம் என்ற கடற்கரை ஊரில் இருந்தான். திரும்பி வந்து, வீடிழந்தவர்களுக்குத் தன் தோட்டங்களைத் திறந்து விட்டான், தானியம் வரவழைத்து விலையைக் குறைத்தான். ஆனாலும் ஊர் எரியும்போது அவன் டிராய் நகர அழிவைப் பாடினான் என்று வதந்தி பரவியதால் நல்ல பேர் கிடைக்கவில்லை. இதையெல்லாம் சொல்வது நீரோவைப் பிடிக்காத டாசிட்டஸ்! வதந்தியை வதந்தி என்றே எழுதுகிறார். கொளுத்தச் சொன்னது அவனா இல்லையா என்பதில் முன்னாடி எழுதினவங்களே ரெண்டு கட்சி என்கிறார்.

இப்போ தாத்தா கேள்விகளைப் போட்டுப் பாருங்க. டாசிட்டஸ் பிறந்தது சுமார் கி.பி. 56. தீ பிடிச்சப்போ எட்டு வயசுப் பையன். எழுதினது அம்பது வருஷம் கழிச்சு. நீரோவே பாடினான், அவனே கொளுத்தினான்னு அடிச்சுச் சொல்ற சூட்டோனியஸ் அப்போ பிறக்கவே இல்லை. காசியஸ் டியோ எழுதினது நூத்தம்பது வருஷம் கழிச்சு. மூணு பேரும் நீரோ செத்து, அவன் வம்ச ஆட்சி முடிந்த பிறகு எழுதினவங்க. அவனைத் திட்டினால் யாருக்கும் நஷ்டம் இல்லை, புது ராஜாக்களுக்குக் கொஞ்சம் லாபம்கூட. பிடில்? அது இத்தாலியில் உருவானது 16ஆம் நூற்றாண்டில். நீரோ வாசித்தது யாழ் மாதிரி ஒரு நரம்புக் கருவி. ஆக, நம்ம மேடைப் பேச்சாளர்கள் இத்தனை வருஷமா அந்த ஆள் கையில் இல்லாத வாத்தியத்தைக் கொடுத்திருக்கோம் :-)

அதுக்காக நீரோ நல்லவன்னு சொல்ல வரலை. எரிஞ்ச இடத்தில் பெரிய தங்க மாளிகை கட்டினது உண்மை. சந்தேகம் வர அதுவே போதும். ஆனா "சந்தேகம் இருந்தது" என்பதும் "கொளுத்தினான்" என்பதும் ஒண்ணு இல்லையே.

அன்னிலேருந்து எதைக் கேட்டாலும் அந்த மூணு கேள்விதான் என் எமரித் தாள். அதில் தேய்த்துப் பார்த்து மிஞ்சினவற்றைத்தான் கீழே சொல்றேன்.

கதை சொல்லிகள்

முதல் வகை, ஒரே ஆள் மைக் முன்னாடி உட்கார்ந்து வருஷக்கணக்கா ஒரு கதையைச் சொல்வது. இதில் எனக்கு ஆரம்பம் மைக் டங்கனின் 'ரோமின் வரலாறு'. 2007இல் தொடங்கி 2012இல் முடித்தார். வரிசை எண் 179 வரை போகிறது. முதல் சில பகுதிகளில் ஒலித்தரம் சுமார்தான், தாங்கிக்குங்க. ரோமுலஸ் கதையில் ஆரம்பிச்சு கி.பி. 476இல் மேற்குப் பேரரசு முடிகிற இடத்தில் நிறுத்துகிறார். பேராசிரியர் இல்லை. ஆனா மூல நூல்கள் ஒண்ணுக்கொண்ணு முரண்படும்போது அதைச் சொல்லிட்டுப் போவார். அவர் விட்ட இடத்திலேருந்து ராபின் பியர்சன் என்பவர் 2012இல் 'பைசான்டியத்தின் வரலாறு' ஆரம்பித்தார். யாரும் கேட்டுக்கொள்ளாமல், ஒருத்தர் வைத்த தீவட்டியை இன்னொருத்தர் எடுத்துக்கிட்டு ஓடுற மாதிரி. டங்கன் அடுத்து 'புரட்சிகள்' என்று 2013இல் தொடங்கினார். இங்கிலாந்து உள்நாட்டுப் போரிலேருந்து ரஷ்யப் புரட்சி வரை. ஹைட்டி புரட்சி வருகிற பகுதிகளை மட்டுமாவது கேளுங்க. அடிமைகள் எழுந்து ஒரு நாட்டையே உருவாக்கின கதை நம்ம பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூட வந்ததா எனக்கு ஞாபகம் இல்லை.

டான் கார்லின் வேற ரகம். 2006லேருந்து பண்றார். முதல் உலகப் போர் பற்றின தொடர் ஆறே பகுதிதான், ஆனா மொத்தம் 20 மணி நேரத்துக்கு மேல! குரலை ஏற்றி இறக்கி உட்கார வைச்சுடுவார். தான் வரலாற்றாசிரியர் இல்லைன்னு அவரே திரும்பத் திரும்பச் சொல்வார். அதை நாமும் ஞாபகம் வைச்சுக்கிட்டுக் கேட்டா ஒரு ஆபத்தும் இல்லை. பதுங்கு குழிச் சகதியை அந்த மாதிரி யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

டாம் ஹாலந்தும் டொமினிக் சாண்ட்புரூக்கும் 2020லேருந்து நடத்துற நிகழ்ச்சி, வில்லியம் டால்ரிம்பிளும் அனிதா ஆனந்தும் 2022இல் கிழக்கிந்தியக் கம்பெனியிலேருந்து ஆரம்பித்த நிகழ்ச்சி, இந்த ரெண்டும் பெரும்பாலும் எல்லாருக்கும் தெரிஞ்சது. அரட்டை பாணி. பாத்திரம் கழுவும்போது நல்ல துணை.

சண்டை போடும் பேராசிரியர்கள்

ரெண்டாவது வகை எனக்கு ரொம்பப் பிடிச்சது. பிபிசி வானொலியின் 'இன் அவர் டைம்'. 1998 அக்டோபரில் ஆரம்பித்தது. மெல்வின் பிராக் 2025 வரை நடத்தினார், ஆயிரம் நிகழ்ச்சிக்கு மேல். ஒரு தலைப்பு, மூணு பேராசிரியர்கள், முக்கால் மணி நேரம். இசை கிடையாது, குதிரை கிடையாது. அவங்க சுத்தி வளைச்சா பிராக் நடுவில் வெட்டுவார். டாசிட்டஸ் பற்றி 2008இல் ஒரு நிகழ்ச்சி இருக்கு. நீரோ விஷயத்தில் மூக்குடைபட்ட பிறகு அதைத்தான் முதலில் கேட்டேன்.

இதில் என்ன விசேஷம்னா, ரெண்டு பேர் ஒத்துக்காத இடம் காதில் விழும். ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் "ம்ம்..." என்று இழுப்பார் பாருங்க, புத்தகத்தில் அடிக்குறிப்பில் ஒளிஞ்சிருக்கிற சண்டை அந்த "ம்ம்" சத்தத்தில் வெளியே வந்துடும். தனி ஆள் சொல்ற கதையில் அது கிடைக்காது.

நேரம் கம்மின்னா, பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் பிபிசியும் 2010இல் சேர்ந்து பண்ணின 'நூறு பொருட்களில் உலக வரலாறு'. நீல் மெக்ரெகர் பேசுவார், ஒவ்வொண்ணும் கால் மணி நேரம். அதில் ஹாக்ஸ்ன் மிளகுச் சிமிழ் என்று ஒண்ணு. 1992இல் இங்கிலாந்தில் ஒரு விவசாயி சுத்தியலைத் தொலைச்சுட்டார். அதைத் தேட நண்பர் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோட வந்தார். கிடைச்சது சுமார் 15,000 ரோமானிய நாணயங்கள், கூடவே பெண் உருவத்தில் ஒரு வெள்ளி மிளகுச் சிமிழ்! மிளகு நம்ம பக்கத்துச் சரக்கு. பழைய சேர நாட்டு மலைகளில் விளைந்து, முசிறி மாதிரித் துறைமுகங்கள் வழியாப் போன பண்டம். அது உலகத்தின் அந்தக் கோடியில் ஒரு பணக்கார வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இருந்திருக்கு. சுத்தியலும் கிடைச்சுதாம், அதுவும் இப்போ அருங்காட்சியகத்தில்தான் இருக்கு :-)

வகுப்பறை ஓரத்தில்

மூணாவது வகை, நிஜமான பல்கலைக்கழக வகுப்பை அப்படியே பதிவு பண்ணினது. யேல் பல்கலைக்கழகம் 2007 கடைசியில் தன் வகுப்புகளை இலவசமாகத் திறந்துவிட்டது. டொனால்ட் கேகனின் பண்டைய கிரேக்க வரலாறு, 24 வகுப்புகள். ஒவ்வொரு தலைப்பிலும், முதலில் இவர் இப்படிச் சொன்னார், அப்புறம் இவர் மறுத்தார், நான் ஏன் இந்தப் பக்கம் நிக்கிறேன்னு படிப்படியாச் சொல்வார். அவர் 2021இல் காலமாகிவிட்டார். குரல் இன்னும் வகுப்பெடுத்துக்கிட்டே இருக்கு. டேவிட் பிளைட்டின் அமெரிக்க உள்நாட்டுப் போர் 27 வகுப்பு. கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் எடுத்து வாசித்துக் காட்டுவார். பால் ஃப்ரீட்மனின் இடைக்காலத் தொடக்க வரலாறு 22 வகுப்பு.

முதல் ரெண்டு வகுப்பு இழுவையா இருக்கும், பொறுத்துக்குங்க. இதில் ஒரு சுகம், பரீட்சை கிடையாது! பின்வரிசைப் பையன் இருமுறது, யாரோ நாற்காலியை இழுக்கிறது எல்லாம் கேட்கும். தனியா இருக்கிறவங்களுக்கு அந்த இருமல்கூட ஒரு துணைதான். நான் காசு கட்டிப் படிக்கிற வகுப்பில் இவ்வளவு கவனமா உட்கார்ந்ததில்லைன்னு என் பேராசிரியருக்குச் சொல்லிடாதீங்க.

காணாமல் போன 20,000

இங்கே ஒரு சோகக் கதை. யேலுக்கு முன்னாடியே கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் வகுப்புகளைப் பதிவு செய்து உலகத்துக்குத் தந்துக்கிட்டு இருந்தது. வரலாறு உட்பட எல்லாப் பாடமும். 2017 மார்ச்சில் 20,000க்கும் மேற்பட்ட ஒலி, காணொளிப் பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையிலேருந்து எடுத்துட்டாங்க.

கேள்விப்பட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. காரணத்தைப் படிச்சப்புறம் அந்தக் கோபத்தை எங்கே வைக்கிறதுன்னு தெரியலை. காது கேளாதவர்களின் தேசிய சங்கம் புகார் கொடுத்தது. பதிவுகளுக்கு எழுத்து வடிவம் இல்லை, இருந்தாலும் அரைகுறை. மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டப்படி இது சரியில்லைன்னு 2016இல் அமெரிக்க நீதித்துறை சொன்னது. எல்லாத்தையும் சரி பண்ண ஆகும் செலவைப் பார்த்துப் பல்கலைக்கழகம் மூடிட்டது. அழிவதற்குள் சிலர் நகலெடுத்து வேற இடத்தில் ஏத்தி வைச்சாங்க. 2022இல் நீதித்துறையோட உடன்பாட்டுக்கு வந்து, பதிவுகளை எல்லாரும் பயன்படுத்தும்படி மாத்த பல்கலைக்கழகம் ஒத்துக்கிட்டது.

கண் தெரியாத தாத்தாவுக்காக நான் ஒலி தேடுறேன். எனக்குக் கிடைச்ச அந்த ஒலியே இன்னொருத்தருக்கு மூடின கதவா இருந்திருக்கு. தப்பு புகார் கொடுத்தவங்க மேல இல்லைன்னுதான் இப்போ நினைக்கிறேன். யேல் முதலிலேயே ஒவ்வொரு வகுப்புக்கும் எழுத்து வடிவத்தையும் சேர்த்தே கொடுத்தது. முடியாத காரியம் இல்லை. அதோட, ஆதாரம் தேடும் நமக்கும் எழுத்து வடிவம் இருந்தால்தான் வசதி.

நான் தேடுற முறை

பெரிய ரகசியம் ஒண்ணும் இல்லை. ஆனா கேட்கிறாங்க, அதனால்:

1. தலைப்பைத் தேடாதீங்க, ஆளைத் தேடுங்க. ஒரு நல்ல புத்தகம் எழுதினவர் எங்கேயாவது பேசியிருப்பார். அவர் பேரைப் போட்டுத் தேடினா பல்கலைக்கழகப் பேச்சு, பேட்டி எல்லாம் வரும். 'மர்ம வரலாறு'ன்னு தேடினா மர்மம் மட்டும்தான் வரும்.

2. 'இன் அவர் டைம்' பக்கத்தில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புத்தகப் பட்டியல் இருக்கும். அதிலிருந்து ஆளைப் பிடிங்க. பிறகு முதல் விதிக்குப் போங்க.

3. முதல் பகுதியை வைத்து எடை போடாதீங்க. நடுவில் ஒண்ணு கேளுங்க. உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச விஷயமா இருந்தா இன்னும் நல்லது. தெரிஞ்சதில் தப்பு பண்றவர் தெரியாததில் மட்டும் சரியாவா சொல்லப்போறார்?

4. "தெரியவில்லை", "போன தடவை தப்பாச் சொல்லிட்டேன்" ரெண்டும் காதில் விழுதான்னு பாருங்க. பத்து மணி நேரத்தில் ஒரு தடவைகூட வரலைன்னா நான் இறங்கிடுவேன்.

5. பிடிச்சதை இறக்கி வைச்சுக்குங்க. பெர்க்லி கதையை மறக்காதீங்க.

தாத்தாவுக்குத் தமிழில்

இங்கிலீஷ் தாத்தாவுக்குப் புரியும். ஆனா அந்த உச்சரிப்பைத் துரத்திப் பிடிக்க முடியலை. தமிழில் தேடினா முதல் அம்பது முடிவும் பொன்னியின் செல்வன் ஒலிப்புத்தகம்! நானும் அனுப்பினேன். ரசிச்சுக் கேட்டார், ஆனா முடிச்சதும் சொன்னது இது: "கல்கி நல்லாத்தான் எழுதியிருக்கார். ஆனா கரிகாலனைக் கொன்னது யாருன்னு அவரைக் கேட்கக் கூடாது. உடையார்குடிக் கல்வெட்டைக் கேட்கணும்."

அந்தக் கல்வெட்டு காட்டுமன்னார்கோவில் அனந்தீஸ்வரர் கோயிலில் இருக்கு. ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டு. கொலைத் துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்ற சகோதரர்கள் பேர் வருகிறது. அவங்க, அவங்க உறவினர்கள் நிலத்தைப் பறிமுதல் செய்து விற்பது பற்றின ஆவணம். ஏன் கொன்றார்கள் என்று அதில் இல்லை. நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழனைச் சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் மறுத்தார். நீரோ கதை மாதிரியேதான். ஒரு தீ, ஒரு கொலை, மீதியெல்லாம் சொன்னவங்க வாய். நான் அதுவரைக்கும் கல்கி சொன்னதே கல்வெட்டில் இருக்குன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன் என்பதை இங்கே மட்டும் ஒத்துக்கறேன்.

பிறகு தேடினதில், சென்னையில் தமிழ் பாரம்பரிய அறக்கட்டளை மாசாமாசம் நடத்தும் பேச்சுகளும், ரோஜா முத்தையா நூலகத்தில் நடக்கும் உரைகளும் யூட்யூபில் கிடைத்தன. ஸ்லைடு காட்டும்போது மட்டும் தாத்தாவுக்குக் கஷ்டம். "இங்கே பாருங்க"ன்னு பேச்சாளர் சொன்னதும் "எங்கே?"ன்னு இவர் கேட்பாராம், பாட்டி போனில் சிரிக்கிறாங்க. பேசுறவங்க யாராவது இதைப் படிச்சா, படத்தில் என்ன இருக்குன்னு ஒரு வரி வாயால சொல்லிடுங்க, புண்ணியமாப் போகும்.

வெண்ணெய் சாப்பிட்ட மனிதன்

கடைசியா ஒண்ணு. இது பாட்காஸ்ட் இல்லை, பேச்சும் இல்லை.

பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டோர்ஃப் என்று ஊர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளில் சண்டை போட்டுப் பிடிபட்ட இந்திய, ஆப்பிரிக்க வீரர்களை அங்கே ஒரு முகாமில் வைச்சிருந்தாங்க. பிறை நிலா முகாம்னு பேர். 1915இல் அவங்களுக்காக அங்கே மரத்தால் ஒரு மசூதிகூடக் கட்டினாங்க. பிரிட்டனுக்கு எதிராத் திருப்பலாம்னு ஆசை. பக்கத்தில் செரென்ஸ்டோர்ஃபில் இருக்கிற இந்தியக் கல்லறையில் 200க்கும் மேற்பட்டவங்க கிடக்கிறாங்க. அந்த முகாமுக்கு மொழி அறிஞர்கள் ஒலிப்பதிவுக் கருவியோட போய், கைதிகளைக் குழல் முன்னாடி நிறுத்திப் பேச வைச்சாங்க. மொழி மாதிரி சேகரிப்பது நோக்கம். அந்தத் தட்டுகள் இங்கே ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிக்காப்பகத்தில் இருக்கு.

அதில் ஒரு குரல் மால் சிங் என்ற பஞ்சாபி வீரருடையது. 1916 டிசம்பர் 11 அன்னிக்குப் பதிவு பண்ணினது. சுமார் ஒரு நிமிஷம்தான். தன்னைப் பத்தியே வேற யாரோ மாதிரிப் பேசுறார். ஒரு மனிதன் இருந்தான், ஹிந்துஸ்தானத்தில் வெண்ணெய் சாப்பிட்டான், ஐரோப்பியப் போருக்கு வந்தான், ஜெர்மனி பிடிச்சுக்கிச்சு, ஊருக்குத் திரும்ப ஆசைப்படுறான்னு. கரகரன்னு சத்தம், நடுவில் அந்தக் குரல். எஸ்-பான் ரயிலில் கேட்டுக்கிட்டே போய் இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிட்டேன்.

ஞாயித்துக்கிழமை தாத்தாவுக்குச் சொன்னேன். இந்தத் தடவை மூணு கேள்விக்கும் பதில் தயாரா வைச்சிருந்தேன். சொன்னது அவரேதான். இருந்தது முகாமில்தான். லாபம்... அங்கே கொஞ்சம் தடுமாறினேன். காவல்காரன் பக்கத்தில் நிக்கும்போது கைதி எதைச் சொல்ல முடியும்? தாத்தா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் சொன்னார்: "மத்ததெல்லாம் அவனுங்க சொல்லச் சொன்னதாக்கூட இருக்கலாம்மா. வெண்ணெயை எந்த ஜெர்மன்காரன் சொல்லிக் கொடுத்திருப்பான்? அது அவனோடது."

ஒரு பொருள் எங்கிருந்து வந்ததுன்னு உத்துப் பார்க்கிற அந்தக் காதுதான் வரலாறு படிக்கிறவங்களுக்கு வேணும்னு எனக்குத் தோணுது. அது எனக்கு இன்னும் வரலை. தேய்ச்சுக்கிட்டு இருக்கேன்.

இப்போ போன மாசத்திலேருந்து ஞாயித்துக்கிழமை போனை அவர் அனுமதியோட பதிவு பண்றேன். முதல் பதிவு 1952 நவம்பர் 30 புயல். பழைய தஞ்சாவூர் ஜில்லாவையே புரட்டிப் போட்ட புயல். தென்னைமரம் எல்லாம் ஒரே பக்கமாப் படுத்துக் கிடந்ததைச் சொன்னார். நடுவில் அவரே நிறுத்திட்டார். "எனக்கு அப்ப எட்டு வயசு, உன் டாசிட்டஸ் மாதிரி. நான் கண்ணால பார்த்தேனா, எங்கம்மா சொல்லிக் கேட்டேனான்னு இப்பப் பிரிக்கத் தெரியலை. அதையும் சேர்த்தே பதிஞ்சுக்கோ."

பதிஞ்சாச்சு தாத்தா.

பி.கு.: தமிழில் நல்ல வரலாற்றுப் பேச்சு, ஸ்லைடு இல்லாமல், ஆதாரத்தோட எங்கே இருக்குன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. உங்க வீட்டிலேயே ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தா, முதல்ல அவங்களைப் பதிவு பண்ணுங்க. குக்கர் விசில் விழுந்தாப் பரவாயில்லை, எங்க பதிவில் மூணு விழுந்திருக்கு :-)